வார நாளில் வக்கீல், வார இறுதியில் விமானி: பிரிட்டனின் துணை விமானப்படை கடந்துவந்த நூறு ஆண்டுகள்

முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இருந்தார்கள். ஓராண்டுக்குள் அது பத்தில் ஒரு பங்கை நோக்கிச் சுருங்கிக்கொண்டிருந்தது. கஜானா காலி. தரைப்படையும் கடற்படையும் இந்தப் புதுப் படையைக் கலைத்துத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளக் காத்திருந்தன. அந்த நெருக்கடியில், 1919 நவம்பரில், தலைமைத் தளபதி ஹியூ டிரென்சார்ட் படையின் நிரந்தர அமைப்புக்கான திட்டத்தை அரசிடம் கொடுத்தார். அதில் ஒரு யோசனை பலருக்கு விளங்கவில்லை. தங்கள் தொழிலை விடாமல், ஊரிலேயே இருந்துகொண்டு, மாலைகளிலும் வார இறுதிகளிலும் பயிற்சி பெறும் ஒரு விமானப்படையும் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

தரைப்படைக்கு அப்படியொரு பிராந்தியப் படை ஏற்கெனவே இருந்தது. ஆனால் துப்பாக்கி பிடிப்பதும் விமானம் ஓட்டுவதும் ஒன்றா என்று கேட்டார்கள். வாரம் முழுக்க அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் சனிக்கிழமை வந்து விமானத்தில் ஏறினால் உயிரோடு இறங்குவானா என்ற சந்தேகம் விமானப்படைக்குள்ளேயே இருந்தது. திட்டம் ஐந்தாண்டு கிடப்பில் கிடந்தது. ராம்சே மெக்டொனால்டின் முதல் தொழிற்கட்சி அரசு வந்து, விமானத் துறை அமைச்சர் லார்ட் தாம்சன் காலத்தில்தான், 1924இல், துணை விமானப்படைக்கான சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 9 அதன் பிறந்தநாள். (நம் பிராந்திய ராணுவம் கொண்டாடும் நாளும் அக்டோபர் 9தான், இது தற்செயல்.)

அடுத்த ஆண்டு செப்டம்பரில் கிளாஸ்கோவுக்கு அருகே ரென்ஃப்ரூ மைதானத்தில் 602ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. அக்டோபரில் லண்டனை ஒட்டிய நார்தோல்ட்டில் 600, 601. எடின்பரோவுக்கு வெளியே டர்ன்ஹவுஸில் 603. எண்ணோடு ஊர்ப் பெயரும் சேர்ந்தே வந்தது: கிளாஸ்கோ நகர ஸ்குவாட்ரன், எடின்பரோ நகர ஸ்குவாட்ரன். இந்தப் பெயரை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆள் சேர்ப்பதும் கட்டடம் பார்ப்பதும் அந்தந்த மாவட்டத்தின் பிராந்தியச் சங்கங்கள் கையில் இருந்தன. நிரந்தரப் படையிலிருந்து ஓர் அட்ஜுடன்ட், பயிற்றுநர்கள், அனுபவம் மிக்க சில மெக்கானிக்குகள் வருவார்கள். மற்றவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். வார நாள் மாலையில் நகரத்துத் தலைமையகத்தில் வகுப்பு. சனி ஞாயிறில் மைதானம். கோடையில் பதினைந்து நாள் முகாம். கிளாஸ்கோவின் பட்டறைகளில் ஐந்தரை நாள் இரும்போடு போராடிய ஃபிட்டர், ஆறாம் நாள் மதியம் டிஎச்-9ஏ விமானத்தின் இன்ஜினைத் திறந்தான். அவனுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான்.

விமானிகளின் நிலை வேறு. தொடக்க ஆண்டுகளில் அவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள். 601ஆம் ஸ்குவாட்ரனைக் ‘கோடீஸ்வரர் ஸ்குவாட்ரன்’ என்றே அழைத்தார்கள். அவர்கள் சீருடைக் கோட்டின் உட்புறத்தைச் சிவப்புப் பட்டால் தைத்துக்கொண்டார்கள். துணைப்படை அதிகாரிகளின் காலர் மடிப்பில் ‘ஏ’ என்ற சின்னப் பித்தளை எழுத்து இருக்கும்; முழுநேரக்காரரிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்டும் அந்த எழுத்தை அவர்கள் பெருமையாகவே அணிந்தார்கள். இந்த வர்க்கச் சுவர் அந்த அமைப்பின் குறை. 1936இல் தொடங்கப்பட்ட தொண்டர் ரிசர்வ் அதில் ஒரு பெரிய வாசலைத் திறந்தது. குமாஸ்தா, ஆசிரியர், கடைச் சிப்பந்தி என்று யாரும் அருகிலுள்ள தனியார் விமானப் பள்ளியில் வார இறுதியில் பயின்று சார்ஜென்ட் விமானி ஆகலாம். மூன்றே ஆண்டில், போர் தொடங்கியபோது, அதில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகள் இருந்தார்கள். நாட்டைக் காத்த கூட்டத்தில் இவர்களின் பங்கு இன்னும் சரியாகச் சொல்லப்படவில்லை என்பது என் எண்ணம்.

பகுதிநேர விமானிகள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு முதல் சாட்சி நம் மண்ணில் எழுதப்பட்டது. 1933 ஏப்ரல் 3 அன்று பீகாரின் பூர்ணியாவுக்கு அருகே லால்பாலு மைதானத்திலிருந்து இரண்டு வெஸ்ட்லண்ட் விமானங்கள் கிளம்பி எவரெஸ்ட் சிகரத்தின் மேலே பறந்தன. அதற்கு முன் எந்த விமானமும் அங்கே போனதில்லை. ஒன்றை ஓட்டியவர் கிளைட்ஸ்டேல் பிரபு, 602ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. மற்றொன்றை ஓட்டிய டேவிட் மெக்கின்டயர் அதே ஸ்குவாட்ரனின் அதிகாரி. பிராணவாயுக் குழாயும் மின்சாரத்தால் சூடேறும் உடையுமாக, மேலே திறந்த விமானி அறையில் உட்கார்ந்து போனார்கள். இரண்டு ஆண்டு கழித்து இருவரும் சேர்ந்து பிரெஸ்ட்விக்கில் ஒரு விமான நிலையத்தையும் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார்கள். அதிலிருந்து ஸ்காட்டிஷ் ஏவியேஷன் என்ற தொழில் நிறுவனமே வளர்ந்தது. துணைப்படைக்கு ஊர் ஆள் கொடுத்தது. துணைப்படை ஊருக்கு ஒரு தொழிலைத் திருப்பிக் கொடுத்தது.

1939 ஆகஸ்டில் எல்லோரையும் முழுநேரப் பணிக்கு அழைத்துக்கொண்டார்கள். ஏழு வாரத்தில் சோதனை வந்தது. அக்டோபர் 16, திங்கட்கிழமை பிற்பகல். ஃபோர்த் பாலத்துக்கு அருகே நங்கூரமிட்டிருந்த போர்க்கப்பல்களைத் தேடி ஜெர்மானிய யுங்கர்ஸ்-88 குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. ரேடார் நிலையம் பழுது. அபாயச் சங்கு ஊதவில்லை. கீழே இருந்த மக்கள் ஏதோ ஒத்திகை நடக்கிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். டர்ன்ஹவுஸிலிருந்து 603, ட்ரெமிலிருந்து 602, இரண்டும் ஸ்பிட்ஃபயர்களில் மேலேறின. இரண்டுமே ஸ்காட்லாந்தின் பகுதிநேர ஸ்குவாட்ரன்கள். 603இன் பாட் கிஃபர்ட் முதல் விமானத்தைக் கடலில் வீழ்த்தினார். அவர் காசில் டக்ளஸ் என்ற சிற்றூரில் வக்கீல். சில நிமிடங்களில் 602இன் ஜார்ஜ் பிங்கர்டன் இரண்டாவதை வீழ்த்தினார். அவர் விவசாயி. அந்தப் போரில் பிரிட்டனின் வான்வெளியைக் காக்கும் சண்டைப் பிரிவு வீழ்த்திய முதல் எதிரி விமானங்கள் அவைதான். தாக்குதலில் ‘மோஹாக்’ கப்பலின் தலைவர் உட்படக் கடற்படையினர் 16 பேர் இறந்தார்கள்.

கடலில் விழுந்த ஜெர்மானியர்களை மீன்பிடிப் படகுக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள். இறந்த இருவரைப் போர்டோபெல்லோவில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தபோது 603இன் பைப் வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். அந்த ஊர்வலத்தை வேடிக்கை பார்க்க அல்ல, மரியாதை செலுத்தவே மக்கள் தெருவோரம் நின்றார்கள். கிஃபர்ட் அடுத்த மே மாதம், ஜெர்மானியர் மேற்கே பாய்ந்தபோது நடந்த சண்டையில் இறந்துபோனார்.

1940 கோடையில் நடந்த பிரிட்டன் வான்போரில் சண்டைப் பிரிவின் அறுபத்துச் சொச்சம் ஸ்குவாட்ரன்களில் 14 துணைப்படையைச் சேர்ந்தவை. மேற்கு யார்க்‌ஷயரின் 609, ஸ்பிட்ஃபயரில் நூறு எதிரி விமானங்களை வீழ்த்திய முதல் ஸ்குவாட்ரன் ஆனது. கிளாஸ்கோவின் ஆர்ச்சி மெக்கெல்லர் சுவர் பூச்சு வேலைக்காரர். அக்டோபர் 7 அன்று ஒரே நாளில் ஐந்து விமானங்களை வீழ்த்தினார். நவம்பர் முதல் தேதி கொல்லப்பட்டார். பின்னாளில் ஜெர்மானியச் சிறைமுகாமில் பெரும் தப்பித்தலைத் திட்டமிட்டுச் சுட்டுக்கொல்லப்பட்ட ரோஜர் புஷல் 601இல் பறக்கத் தொடங்கியவர், வழக்கறிஞர். இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். ஆனால் வீரக்கதைகளுக்குள் மறைந்துபோகிற ஒரு கணக்கை முதலில் சொல்ல வேண்டும். ஒரு விமானியை உருவாக்க ஆண்டுகள் ஆகும். போர் ஆண்டுகளைத் தராது. 1925இலிருந்து சனி ஞாயிறுகளில் செலவழித்த அந்த மணிநேரங்கள்தான் 1940இல் வட்டியோடு திரும்பி வந்தன. அவ்வளவு பேரை முழுநேரச் சம்பளத்தில் பதினைந்து ஆண்டு வைத்திருக்க எந்த நிதியமைச்சரும் சம்மதித்திருக்க மாட்டார்.

விமானமே ஓட்டாதவர்களும் இதில் இருந்தார்கள். நகரங்களுக்கு மேலே இரும்புக் கம்பியில் கட்டிப் பறக்கவிட்ட ராட்சத பலூன்களை இயக்கியவை துணைப்படை ஸ்குவாட்ரன்களே. வயது கடந்தவர்கள், முதல் போரைப் பார்த்தவர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். 1941 முதல் பெண்களும் பலூன்களை ஏற்றி இறக்கினார்கள். குளிர்ந்த இரவில் காற்று திசை மாறும்போதெல்லாம் எழுந்து கம்பியைத் தளர்த்தி இறுக்க வேண்டும். பதக்கம் கிடைக்காத வேலை அது. 1944இல் வி-1 பறக்கும் குண்டுகள் வந்தபோது பலூன் கம்பிகளில் மாட்டி விழுந்தவை இருநூறுக்கு மேல்.

இந்தியாவோடும் இந்தக் கதைக்கு நேரடி உறவு உண்டு. டர்ஹாம் மாவட்டத்தின் 607, சர்ரேயின் 615 ஆகிய இரண்டும் 1942இல் வங்காளத்துக்கு வந்தன. 1944இல் இம்பால் போரின்போது அந்த வானத்தைக் காத்தவர்களில் அவர்களும் உண்டு. 615இன் கௌரவத் தலைவர் வின்ஸ்டன் சர்ச்சில். அதற்கு முன்பே, 1939இல் போர் தொடங்கியதும், இந்திய விமானப்படைக்கும் ஒரு தொண்டர் ரிசர்வ் உருவாகியிருந்தது. நம் கடற்கரையைக் கண்காணிக்கக் கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகள் அமைத்தார்கள். முதல் எண் சென்னைக்கு. பிறகு பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம். ஃப்ளையிங் கிளப்புகளில் பழகியவர்களும் பயணிகள் விமானம் ஓட்டியவர்களும் பழைய வாப்பிட்டி விமானங்களில் ஏறி வங்காள விரிகுடாவின் மேலே மணிக்கணக்காகப் பறந்து கப்பல்களைத் தேடினார்கள். தரை கண்ணில் படாத தூரத்தில் ஒற்றை இன்ஜினை நம்பிப் பறப்பது என்றால் என்ன என்பதை இந்த மலரைப் படிக்கிற பழைய விமானப்படைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1944 ஜூலையில் நேச நாடுகளின் முதல் ஜெட் சண்டை ஸ்குவாட்ரனாக மீட்டியர் விமானத்தைப் பெற்றது துணைப்படையின் 616. 1947இல் மன்னர் ஆறாம் ஜார்ஜ் ‘ராயல்’ பட்டம் கொடுத்தார். 1951இல் கொரியப் போர்ச் சூழலில் ஸ்குவாட்ரன்களை மூன்று மாதம் முழுநேரத்துக்கு அழைத்தார்கள். அதற்குப் பிறகு இறக்கம்தான்.

1957 மார்ச் 10 அன்று துணைப்படையின் பறக்கும் ஸ்குவாட்ரன்கள் அனைத்தும் கலைக்கப்பட்டன. சொன்ன காரணங்கள் பொய்யல்ல. விமானங்கள் விலை ஏறிவிட்டன. ஒலியின் வேகத்தைத் தொடும் ஜெட் விமானத்தில் பழக்கம் விடாமல் இருக்க வார இறுதி போதாது. ஏவுகணைகள் வந்துவிட்டன என்ற நம்பிக்கை வேறு. ஆனாலும் அந்த முடிவு பாதி புரிதலில் எடுத்த முடிவு என்றே நினைக்கிறேன். துணைப்படையின் சொத்து அதன் விமானம் என்று அமைச்சகம் கருதியது. அதன் சொத்து அந்த ஆட்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த தொழில். சொந்தமாக விமானம் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் முழுநேரப் படையின் விமானத்தையே பகிர்ந்துகொள்ள வைத்திருக்கலாம். அமெரிக்காவில் அதைச் செய்தார்கள்: 1968இல் கலிஃபோர்னியாவின் நார்ட்டன் தளத்தில், முழுநேரப் படைக்குச் சொந்தமான சி-141 சரக்கு விமானங்களை ரிசர்வ் குழுவினரும் ஓட்டிப் பராமரிக்கும் ஏற்பாடு தொடங்கியது. விமானம் ஒன்று, குழு இரண்டு. அந்த முறை அங்கே இன்றும் நடக்கிறது.

பிரிட்டனில் மிஞ்சியது மெல்லிய இழை. நார்த்வுட், எடின்பரோ, பிளிமத்தை ஒட்டிய மவுண்ட் பேட்டன் ஆகிய இடங்களில் கடல்சார் தலைமையகப் பிரிவுகள் என்ற பெயரில் மூன்று குழுக்கள். நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்களுக்குத் தகவல் தொகுப்பதும் வரைபடத்தில் குறிப்பதும் அவர்கள் வேலை. எடின்பரோக்காரர்கள் 603இன் பழைய வீட்டிலேயே, லியர்மத் டெரஸில், கூடினார்கள். நாற்பது ஆண்டு அந்த வீட்டை விடாமல் வைத்திருந்ததால்தான் 1999இல் 603 என்ற எண் திரும்ப வந்தபோது உட்கார ஓர் இடம் இருந்தது.

இரண்டாம் பிறவி எண்பதுகளில் தொடங்கியது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பதும் அந்தப் பகுதிதான். 1982இல் இங்கிலாந்தின் பிரைஸ் நார்ட்டன் விமானத் தளத்தில் 4624, விமானத்தில் சரக்கும் ஆட்களும் ஏற்றி இறக்கும் ஸ்குவாட்ரன். 1983இல் 4626, காயம்பட்டவர்களை விமானத்தில் கொண்டுவரும் மருத்துவ ஸ்குவாட்ரன். அதில் சேர்ந்தவர்கள் தேசிய மருத்துவச் சேவையின் நர்ஸுகள், மருத்துவர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள். 1991 வளைகுடாப் போருக்கும் பின்னர் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அழைக்கப்பட்டவர்கள்.

பறக்கிற விமானத்தில் நோயாளியைப் பார்ப்பது தரையில் பார்ப்பது போன்றதல்ல. உயரம் போகப் போக விமான அறையின் காற்றழுத்தம் குறையும். உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும். நெஞ்சுக்கூட்டில் நுரையீரலுக்கு வெளியே சிறிதளவு காற்று தங்கியிருந்தால், தரையில் தொந்தரவு செய்யாத அது மேலே மூச்சை அடைத்துவிடலாம். புதிதாகப் போட்ட மாவுக்கட்டுக்குள் கால் வீங்கும் என்பதால் முன்கூட்டியே கட்டை நீளவாக்கில் வெட்டி வைப்பார்கள். பிராணவாயு குறைவாகக் கிடைக்கும். ஹெர்குலிஸ் விமானத்தின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பயன்படாது. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், நாடியை விரலால் தேட வேண்டும், கருவியின் ஒலிக்குப் பதில் அதன் திரையை நம்ப வேண்டும். இந்தக் கைக்கு வாரத்தில் ஐந்து நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் பழக்கம் வேண்டும். அமைதிக்கால ராணுவ முகாமில் அவ்வளவு நோயாளிகள் ஏது? இங்கே பகுதிநேரம் என்பதே தகுதியாகிவிடுகிறது. அந்த நர்ஸ் திரும்பி வந்து தன் வார்டில் நிற்கும்போது, குண்டடிக் காயத்தையும் அதிர்ச்சி நிலையையும் கையாண்ட அனுபவம் அந்த மருத்துவமனைக்குச் சேர்கிறது. மற்றொரு பக்கமும் உண்டு. ஒரு ஸ்குவாட்ரனை மொத்தமாக அழைத்தால் பல வார்டுகளில் ஒரே நேரத்தில் ஆள் குறையும். அந்தப் பாரத்தைச் சுமப்பவர்கள் சீருடை அணியாத சக நர்ஸுகள். அவர்களுக்கு விழா மலர் எதுவும் வெளிவருவதில்லை.

சட்டமும் மெல்ல மெல்லக் கூடவே வந்தது. அழைப்பில் போனவரின் வேலையைக் காக்கும் சட்டம் 1985இல். பெரும் ஆபத்துக்கு மட்டுமல்லாமல் அமைதிகாப்புக்கும் பேரிடர் உதவிக்கும் ரிசர்வ் படையினரை அழைக்க வழி செய்த சட்டம் 1996இல். அடுத்த ஆண்டு தொண்டர் ரிசர்வ் துணைப்படையோடு இணைந்தது. ஒருவர் ஆண்டுக்கு 27 நாள் கொடுக்க வேண்டும்: பதினைந்து நாள் ஒரே தொடர்ச்சியான பயிற்சி, மீதி வார இறுதிகளில். வந்த நாளுக்குச் சம்பளம். ஆண்டுத் தேர்வுகளில் தேறி நாட்களையும் முடித்தால் வரி இல்லாத ஊக்கத்தொகை. 2015 ஏப்ரல் முதல் ஓய்வூதியத் திட்டத்திலும் இடம். ஊழியரை அனுப்பிய முதலாளிக்கு, மாற்று ஆள் வைக்கும் கூடுதல் செலவை ஈடுகட்ட அரசு பணம் தருகிறது. சிறு தொழில் நடத்துபவர்களை வழிக்குக் கொண்டுவந்ததில் இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒருவர் ஆறு மாதம் இல்லையென்றால் தேசபக்தி மட்டும் அந்த இடத்தை நிரப்பாது.

பணத்தில் அளக்க முடியாத பலனும் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் கணக்காளராக இருப்பவருக்கு அலுவலகத்தில் நாற்பது வயது வரை பத்துப் பேரை வழிநடத்தும் வாய்ப்பு வராமல் போகலாம். ஸ்குவாட்ரனில் கார்ப்பரல் ஆனதுமே வருகிறது. கட்டளையிடவும், கட்டளையைக் கேட்கவும், களைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு வேலையை முடிக்கவும் அங்கே பழகுகிறார். இதற்கான விலையைக் குடும்பம் கொடுக்கிறது. குழந்தையின் பிறந்தநாள் சனிக்கிழமையில் வரும். பயிற்சியும் அன்றுதான் இருக்கும்.

2013இல் பிரிட்டிஷ் அரசு துணை விமானப்படைக்குப் பயிற்சி பெற்றவர்கள் 1,800 பேர் என்று இலக்கு வைத்தது. பழைய எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. 2017இல் 601உம் வந்தது. முன்பு கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகள் பறந்த அந்த ஸ்குவாட்ரனில் இப்போது தொழில்துறையிலும் ஆராய்ச்சியிலும் தேர்ந்தவர்கள் விமானப்படைக்கு ஆலோசனை சொல்கிறார்கள். மற்ற ஸ்குவாட்ரன்களில் உளவுத் தகவல் ஆய்வு, தளப் பாதுகாப்பு, தகவல் தொடர்பு, பொறியியல் என்று வேலைகள் விரிந்துகிடக்கின்றன.

இந்திய நாடாளுமன்றமும் 1952இல் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைகள் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 51 முதல் 57 வரை எண்ணிட்ட ஏழு துணை ஸ்குவாட்ரன்கள் ஊர்ப் பெயரோடும் மாநிலப் பெயரோடும் எழுந்தன. 53 சென்னைக்கு உரியது. ஹார்வர்ட் பயிற்சி விமானங்களில் நம் ஊர்க்காரர்கள் வார இறுதிகளில் பறந்தார்கள். அறுபதுகளில் அந்த ஸ்குவாட்ரன்கள் மறைந்தன. அப்போதும் எல்லோரும் இழந்ததாகக் கருதியது விமானங்களைத்தான். இன்று நம் அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நிற்கும் நர்ஸுகளையும், மீனம்பாக்கத்தில் இரவுப் பணியில் ஜெட் இன்ஜினைத் திறக்கும் டெக்னீஷியன்களையும், ஓ.எம்.ஆர். சாலையில் வலைப்பின்னல் பாதுகாப்பைப் பார்க்கும் பொறியாளர்களையும் எண்ணிப் பார்க்கிறேன். ஆண்டுக்கு 27 நாள் கேட்டால் இவர்களில் பலர் வருவார்கள். 53ஆம் எண்ணைச் சென்னைக்குத் திரும்பத் தர வேண்டும், இந்தமுறை விமானம் இல்லாமலேயே, என்று இந்த மலரின் வழியாக விமானப்படைத் தலைமையைக் கேட்டுக்கொள்கிறேன்.